குறைக்க அங்கே எதுவும் இல்லை

குறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று திரை சொன்னது. நான் குனிந்து பார்த்தேன். இருந்தது.

"அப்ப இது என்ன டாக்டர்?" என்றேன்.

டாக்டர் மெஹருன்னிசா திரையை என் பக்கம் திருப்பினார். திரையில் என் உடல் நகல் நின்றுகொண்டிருந்தது. துணியில்லாமல், கைகளைச் சற்று விரித்து, ஜவுளிக்கடை பொம்மை மாதிரி. என் கழுத்து மச்சம் அதற்கும் இருந்தது. சைக்கிளில் விழுந்த முழங்கால் தழும்பும் இருந்தது. மார்பு மட்டும் வேறு யாருடையதோ. டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

நான் என் நகலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நோயாளிக்கு அதைக் காட்டும் வழக்கமில்லை. சாதாரண டாக்டர்களும் அதன் எண்களைத்தான் பார்ப்பார்கள். உருவத்தைத் திறக்கும் உரிமை அறுவை செய்கிறவர்களுக்கு மட்டும். பதினெட்டு வயதில் எல்லோரையும் தலை முதல் கால் வரை ஸ்கேன் செய்து நகல் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டை அதற்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வைத்தியம் நடப்பது நகலுக்குத்தான். நகலுக்குக் காய்ச்சல் என்றால் நமக்கு மாத்திரை வரும். நகல் நன்றாக இருந்தால் நாமும் நன்றாக இருக்கிறோம்.

அப்படித்தான் நானும் இத்தனை காலம் நன்றாக இருந்தேன். தோளில் உள்ளாடைப் பட்டை பதிந்து இரண்டு பள்ளம். சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் புண். எழுந்தால் கழுத்து திரும்பாது, விரல்கள் மரத்துப்போகும். கல்யாணமான பிறகு படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு நீலாம்பூர் பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குப் போனேன். பெட்டியைத் தூக்கும்போது முதுகு விட்டுப்போனதால் அதையும் விட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே பதில்தான். "உங்க அளவு சராசரிக்குக் கொஞ்சம் கீழதாங்க இருக்கு. உக்கார்ற விதத்த மாத்துங்க." ஒருவர் மனநல ஆலோசனைக்குச் சீட்டு எழுதினார்.

நான் அதை நம்பினேன். மற்ற பெண்கள் இதைவிட அதிகமாகச் சுமந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், நான்தான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். பேருந்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். டாக்டர்கள்தான் பார்க்கவில்லை.

மார்பைக் குறைக்கும் அறுவைக்காக இங்கே வருவதற்கு முன் என் கணவர் விஷாகனிடம் சொன்னபோது, "எனக்குந்தான் படபடன்னு அடிக்குது, மூச்சு வாங்குது. வெறும் கேஸ் டிரபிள்னு சொல்றாங்க. நான் என்ன நெஞ்ச வெட்டீட்டா வர்றேன்?" என்று சிரித்தார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரமானது.

"உங்களத் தொட்டுப் பாக்கலாமா?" என்றார் டாக்டர்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்குங்க?"

"அளவு எடுக்கத்தான். இப்ப யாரும் செய்யறதில்ல. தொட்டா புகார் வரும்னு பயம். நீங்க வாயால சரின்னு சொன்னாப் போதும். நர்ஸ் கூடவே இருப்பாங்க."

"சரிங்க."

மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் நிற டேப் ஒன்றை எடுத்தார். தையல் கடையில் கழுத்தில் மாட்டியிருப்பார்களே, அது.

"டைலர் கிட்ட வாங்கினது. சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. டேப் குளிர்ந்திருந்தது. கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை அளந்தார். அடி மடிப்பை அளந்தார். ஒரு பக்கத்தைக் கையில் ஏந்தி, தராசு மாதிரி சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தோளில் இருந்த பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

டாக்டர் என்ற பெயரில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வலிக்குது."

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு வயசுல இருந்துங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் என் சட்டையை எடுத்துக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டைக்கு இதெல்லாம் எப்படித் தெரியாமப் போச்சு?" என்றேன்.

"பட்டை அனுப்பறத மெஷின் நகலோட ஒத்துப் பாக்கும். ஒத்து வராததத் தப்புன்னு தள்ளிடும். உடம்பு அசைவோ, வலியோ, நாடித்துடிப்போ, எதுவா இருந்தாலும். உங்க தோள்வலி அப்படித் தள்ளிவிட்ட தப்பு, அவ்வளவுதான்."

"ஆபரேஷன் நீங்கதான பண்ணுவீங்க?"

"மெஷின் கை பண்ணும். நான் பக்கத்துல நிப்பேன். அது நகலப் பாத்துத்தான் கத்தி வைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த நகல நம்பிப் பண்ணியிருந்தா..."

"சொல்லுங்க."

"ரத்தக்குழாய் இருக்கற இடத்துல ஒண்ணுமில்லன்னு நெனச்சு வெட்டியிருக்கும். காம்பு ரெண்டும் கறுத்து உதிர்ந்திருக்கும். அது நல்லபடியா நடந்திருந்தா."

"கெட்டபடியா நடந்திருந்தா?"

"மயக்க மருந்து அளவும் நகலுக்குத்தாம்மா."

நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே திருச்சி ரோட்டில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்காதது போல.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுங்களா?"

"கோளாறு இல்ல. இத யாரோ உக்காந்து திருத்தியிருக்காங்க. நல்லா வேலை தெரிஞ்ச ஆள். தோல் சுருக்கம் வரைக்கும் விடல." திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். "இந்த வளைவப் பாருங்க. இது உடம்புல வராது. வரைஞ்சாத்தான் வரும்." பிறகு கேட்டார். "உங்க கல்யாணம் எப்ப?"

"பதினெட்டு முடிஞ்ச வருஷம், வைகாசியில."

"இது அதுக்கு முந்தின தை மாசம் திருத்தினது."

அவர் முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தை பிறந்ததும் அம்மா என் ஜாதகத்தை எல்லோருக்கும் அனுப்ப ஆரம்பித்தாள். ஜாதகத்தோடு நகலையும் அனுப்ப வேண்டும். அது அப்போதே வழக்கமாகிவிட்டது. முதலில் கட்டம் பார்ப்பார்கள். பிறகு இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மெஷின் ஜோடிப் பொருத்தம் சொல்லும். பையன் வீட்டில் யாராவது ஒருவருக்கு முழு உருவத்தையும் திறந்து காட்டுவார்கள். பெரும்பாலும் பையனின் அம்மாவுக்கு.

"நீங்க மொத ஆள் இல்ல," என்றார் டாக்டர். "எங்கிட்ட வர்ற கல்யாணமான பொண்ணுங்க பாதிப் பேர் நகல் இப்படித்தான் இருக்கு. இடுப்பு எடுத்திருப்பாங்க. கூன் நிமித்தியிருப்பாங்க. ஒரு பொண்ணுக்குக் கருப்பைக் கட்டியவே அழிச்சிருந்தாங்க. நான் எழுதி அனுப்பினேன். நகல்ல தப்பு வராதுன்னு பதில் வந்துச்சு."

"எனக்குச் சராசரிக்குக் கீழன்னு சொன்னாங்களே. அந்தச் சராசரி?"

"அத எதுல இருந்து எடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?" அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "இதே நகல்ல இருந்துதான். இந்த ஊர்ல சராசரிப் பொண்ணுன்னு ஒருத்தி கம்ப்யூட்டர்ல இருக்கா. அவ பொண்ணு பாக்கறதுக்காக ரெடி பண்ணினவ. அவளுக்கு எந்த மாத்திரை எவ்வளவுன்னு பாத்துத்தான் உங்க எல்லாருக்கும் குடுக்கறோம்."

நர்ஸ் தன் கையில் கட்டியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் எடுத்த நகல் அழியாது, எங்கோ பூட்டியிருக்கும் என்றார் டாக்டர். அதை வெளியே எடுக்க வேண்டுமானால், திருத்தச் சொன்னவர் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய நகல் திரும்பினால் அறுவைக்கு அனுமதி உடனே கிடைத்துவிடும்.

"ஆனா ஒண்ணு. அந்த நகலப் பாத்துச் சம்பந்தம் பண்ணின வீட்டுக்கும் தகவல் போயிடும். பொய் நகல் குடுத்துக் கல்யாணம் பண்ணினா, அவங்க நெனச்சா அந்தக் கல்யாணத்தையே ரத்து பண்ணலாம். யோசிச்சிட்டு வாங்க."

சரவணம்பட்டியில் அம்மாவின் வீட்டுக்கு நேராகப் போனேன். அம்மா மென்பொருள் கம்பெனியில் தவறு கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே பொய் இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நான் போனபோது நடைப்பயிற்சி முடித்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ற நகல்ல கை வச்சியாம்மா?"

ஒரு கால் ஷூவோடு நிமிர்ந்து பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன்.

"ஆமா. கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"கொஞ்சமா?"

"வரிசையா எடம் தட்டிப்போச்சு கண்ணு. ஒருத்தி போன்லயே சொல்றா, புள்ளைக்கு வயசுக்கு மீறுன ஒடம்பா இருக்குதுங்கன்னு. பொருத்தம் பாக்கற மெஷினும் கம்மியாத்தான் போடுது. புரோக்கர்தான் சொன்னாரு, எல்லாரும் பண்றாங்கம்மா, ஒரு ஆள் இருக்கான்னு." அடுத்த ஷூவையும் கழற்றினாள். "உன்ற சித்திக்குச் செவ்வாய் தோஷம்னு பொறந்த நேரத்த மாத்தி எழுதுனோம். அவ இன்னைக்கு நல்லாத்தான இருக்கறா?"

"ஜாதகத்தப் பாத்து அவளுக்கு யாரும் மாத்திர குடுக்கலம்மா."

அம்மா கழற்றிய ஷூவைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஆபரேஷன் மேசையில படுத்திருந்தா உன்ற திருத்தம் என்னக் கொன்னிருக்கும். டாக்டர் சொல்றாங்க. நான் சொல்லல."

"கல்யாணம் முடிஞ்சதும் பழையபடி வச்சுத் தர்றேன்னுதான் அந்த ஆளு சொன்னான்."

"அப்பறம்?"

"மறந்துட்டேன்."

நான் சுவரில் சாய்ந்தேன். திட்டம் போட்டு ஏமாற்றினாள் என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

"மறந்துட்டியா?"

"மண்டபம், சீரு, பத்திரிகைன்னு எத்தனை வேலை! நீயும் ஒண்ணும் சொல்லல."

"நான் வருஷம் பூரா சொன்னேன். தோளு வலிக்குதுன்னு உங்கிட்டயே சொன்னேன். கூன் போடாத, நிமிந்து நடன்னு சொன்னவ நீ."

அம்மா குனிந்தாள். கழற்றிய ஷூவை நேராக வைத்தாள், பிறகு திரும்பவும் நேராக வைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "எனக்கும் இதே ஒடம்புதான். நானும் ஒரு நாளு முழுசா நிமிந்து நடந்ததில்ல," என்றாள். அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மாதிரி. ஆகவில்லை.

"நேர்ல வந்து ஒத்துக்கோணும். வர்றியா?"

"உன்ற மாமியாருக்குத் தகவல் போகுமே. உன்னத் திருப்பி அனுப்பீட்டாங்கன்னா?"

"அனுப்பட்டும். தோளு வலி இல்லாம வர்றேன்."

அம்மா வந்தாள். நகல் அலுவலகத்தில் அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பழைய நகல் திரும்பி வந்தது. என் வலிகளையெல்லாம் மெஷின் முதல் தடவையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பட்டையில் சிவப்பு விளக்கு எரியவிட்டது. அறுவைக்கு ஆவணியில் நாள் குறித்தார்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் தகவல் அங்கே போய்விட்டது.

பீளமேட்டில் எங்கள் வீடு நான்காவது மாடி. கதவு திறந்தே இருந்தது. மாமியார் கலைவாணி கூடத்தின் நடுவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என் பின்னால் வந்த அம்மாவைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"வாங்க சம்பந்தியம்மா. இப்பிடி ஏமாத்தீட்டீங்களே! மனுசத்தன்மை இருக்குதா? பொம்மையக் காட்டிப் பொண்ணக் குடுத்திருக்கறீங்க! நாங்க என்ன கண்ணு தெரியாதவீங்களா?"

"தப்புத்தானுங்க," என்றாள் அம்மா.

"தப்புன்னு சொன்னாச் சரியாப் போச்சா? எங்க சாதி சனத்துக்குத் தெரிஞ்சா? எங்க பையனுக்கு வேற எடமா இல்ல? தொண்ணூறுக்கு மேல பொருத்தம்னு மெஷின் சொல்லுச்சேன்னுதான பண்ணுனோம்!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரின் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறப்பது தெரிந்தது. நான் போய் எங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அத்த, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"நீ என்னத்தக் கேக்கற?"

"கல்யாணமான நாள்ல இருந்து உங்க கூடத்தான் இருக்கறேன். என்ற துணிய நீங்கதான் காயப்போடறீங்க. ரவிக்கைக்குத் துணி எடுக்கறப்பக் கூட வர்றீங்க. பொண்ணு பாக்கறப்ப முழு நகலத் தெறந்து பாத்ததும் நீங்கதான். நகல்ல பாத்தது ஒண்ணு, ஊட்டுக்கு வந்தது ஒண்ணு. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

மாமியாரின் கத்தல் அங்கேயே நின்றது.

"மொத வாரமே தெரிஞ்சிருக்கும். ஏன் அத்த அப்பக் கேக்கல?"

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போனைத் தலைகீழாக மேசை மேல் வைத்தார். "காப்பி போடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இவ்வளவு சுலபமாக அவர் அடங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. ஏதோ இடறிய மாதிரி இருந்தது.

அப்போதுதான் விஷாகன் வந்தார். லிஃப்ட் ஓடவில்லை போலிருக்கிறது. கதவைத் திறந்தவர் உள்ளே வராமல் செருப்பு வைக்கும் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது.

"தகவல் வந்துச்சு, பாத்தேன்," என்றார் மூச்சுக்கு நடுவில். "நகலெல்லாம் அம்மாதான் பாத்தாங்க நித்திலா. நான் பாத்ததே இல்ல. எனக்கு நீதான் தெரியும்." சட்டைப் பையைத் தடவினார். "அந்த இஞ்சி மாத்திர எங்க? கேஸு ஏறிக்கிச்சு."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அது எப்போதும் பச்சையாகவே எரியும். நாற்பது வயதில் இப்படி ஒரு நெஞ்சு யாருக்கும் அமையாது என்று போன மாதம்கூட ஒரு டாக்டர் பாராட்டினார்.

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"அம்மணி," என்றார் மிகத் தணிந்த குரலில். "அந்த டாக்டரம்மா... ஆம்பளைங்களையும் பாப்பாங்களா?"

"எதுக்குங்க அத்த?"

"கையில தொட்டு. காத வச்சுக் கேட்டு."

நான் கூடத்தில் சாய்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன எடுத்தீங்க?" என்றேன்.

"எடுக்கல. அடைச்சோம்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "பொறந்தப்பவே நெஞ்சுல சின்னதா ஓட்டைன்னாங்க. வளர வளரத் தானா மூடிக்கும்னாங்க. பதினெட்டு வயசுல நகல் எடுத்தப்பவும் இருந்துச்சு. அத வச்சிட்டுப் பொண்ணு கேட்டா யாரு குடுப்பா? அதான் நகல்ல மூடச் சொன்னோம். கல்யாணம் முடிஞ்சதும் பழையபடி வச்சிரலாம்னு அந்த ஆளு சொன்னான்."

"மறந்துட்டீங்க."

"மறக்கல சாமி," என்றார். "பட்டையில பச்சையே எரிஞ்சுதா, நெசமாவே மூடிருச்சுன்னு நெனச்சுட்டேன்."

நான் கூடத்துக்கு ஓடினேன். எங்கள் இருவருக்கும் தொண்ணூறுக்கு மேல் பொருத்தம் என்று சொன்ன மெஷின், அன்று பார்த்தது வேறு இரண்டு பேரை. அம்மா என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். டாக்டர் மெஹருன்னிசாவின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, போனை சோபா மேல் வைத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தது.

விஷாகனின் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அவர் கண் திறந்தார்.

"என்ன பண்ற? அம்மா, அத்த எல்லாம் இருக்கறாங்க."

"பேசாதீங்க."

அவர் மார்பில் காதை வைத்தேன். ஒரு நல்ல இதயம் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாருடையதையும் நான் கேட்டதில்லை. எங்கள் தலைமுறையில் யாரும் கேட்டதில்லை. அடிக்கு நடுவில், கிழிந்த துணி வழியாகக் காற்று போவது மாதிரி ஒரு சீறல் வந்துகொண்டே இருந்தது.

போனில் டாக்டர், "ஹலோ, சொல்லுங்க," என்றார்.

சமையலறை வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். "கேக்குதா?" என்றார்.